நட்சத்திரம் போட்ட ஆட்டங்கள்

பதினொரு வயதிலேயே நீலாம்பாளுக்கு ஒரு பதவி இருந்தது. தெருப் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது ஸ்கோர் எழுதுவது அவள்தான்.

மட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்பவன்கூட அவள் நோட்டைப் பார்த்ததும் அடங்கிவிடுவான். "நீலா நோட்டுல இருக்கா? அப்ப சரிதான்" என்று நகர்ந்துவிடுவான். சராசரி போடுவது எப்படி என்று அவளுடைய அண்ணன் கணேஷ்ராம் சொல்லிக்கொடுத்திருந்தான்.

ஒருவன் எடுத்த ரன்களை எல்லாம் கூட்டவேண்டும். அவன் எத்தனை முறை அவுட் ஆனானோ அந்த எண்ணால் வகுக்கவேண்டும். அவுட் ஆகாமல் முடிந்த ஆட்டமா? ரன்னுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடவேண்டும். அந்த ரன்னைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆட்டத்தை எண்ணக்கூடாது.

நீலா அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருந்தாள். வினை அங்கேதான் இருந்தது. அவளுக்கு அப்போது அது தெரியாது.

அது 1999-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. பாளையங்கோட்டையில் தேவசிகாமணி அண்ணாச்சி நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் நீலாவோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். உமர் பாரூக் வாய் ஓயாமல் பேசுவான். கோமு ஐந்தே கால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஹெப்ரான் பேசவே மாட்டான்.

ஹெப்ரானுக்குப் பன்னிரண்டு வயது. டைபாய்டு காய்ச்சலில் ஒரு வருடம் வீணாகிவிட்டதால், தங்கை படிக்கும் வகுப்பிலேயே அவனும் படித்தான். படிப்பில் கடைசி ரேங்க். ஓட்டப் பந்தயத்திலும் கடைசி. யார் என்ன சொன்னாலும் "பரவாயில்ல" என்பான்.

அண்ணாச்சி புதிதாக இன்டர்நெட் வாங்கியிருந்தார். டெலிபோன் வயரைக் கம்ப்யூட்டரில் சொருகினால், அது சிறிது நேரம் கீச்சுக் கீச்சென்று கத்தும். பிறகு உலகத்தோடு சேர்ந்துகொள்ளும். அதில் அவர்கள் கண்டுபிடித்ததுதான் கோல்ஃப் விளையாட்டு. திரையில் ஒரு பச்சைப் புல்வெளி. தூரத்தில் ஒரு குழி. பந்தை அடித்து அடித்துக் குழியில் போடவேண்டும். ஒன்பது குழி முடிந்தால் ஓர் ஆட்டம். எத்தனை அடி குறைவோ அத்தனை நல்லது.

"அடி கம்மியா வாங்கினா ஜெயிச்சிரலாமா? அப்ப எங்க வாப்பாட்ட தினம் அடி வாங்குத நான்தான் கடைசி" என்றான் உமர்.

மலேசியாவில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புப் பிள்ளைகளும் அதே விளையாட்டை ஆடினார்கள். அண்ணாச்சி அவர்களுக்குக் கடிதம் போட்டு ஏற்பாடு செய்தார். பத்து நாள் பயிற்சி. அதற்குப் பிறகு வரும் சனிக்கிழமை மாலை, இங்கிருந்து ஒருவர் அங்கிருந்து ஒருவரோடு ஆடவேண்டும்.

"யாரு ஆவரேஜ் கம்மியோ அவங்கதான் சனிக்கிழமை ஆடணும். நீலா, நோட்டு ஒன் பொறுப்பு" என்றார்.

நீலாவுக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கு பேரும் ஒரே பெயரில்தான் விளையாட்டுக்குள் போனார்கள். அதனால் தனித்தனிச் சராசரியை நீலாதான் கணக்கிடவேண்டும். ஒவ்வொருவருக்கும் தினம் அரை மணி நேரம். சீட்டுக் குலுக்கியதில் கடைசி முறை, ஐந்து மணி முறை, கோமுவுக்கு விழுந்தது. அவள் முகம் வாடிப்போனது.

"எனக்கு வீடு பக்கம்தான். நான் அஞ்சு மணிக்கு ஆடுதேன். பரவாயில்ல" என்றான் ஹெப்ரான்.

அவன் ஆடும் நேரத்தில் மற்ற மூவரும் கிளம்பிவிடுவார்கள். அவனுடைய அடிகளை அண்ணாச்சி காலண்டரில் கிழித்த தேதித்தாளின் பின்பக்கத்தில் எழுதி ஆணியில் குத்திவைப்பார். மறுநாள் நீலா அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள். சில தாள்களில் "24 அடி. ஆறாம் குழியோட கட்" என்று இருக்கும். லைன் பாதியில் அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

முடியாத ஆட்டம். அவுட் ஆகாத ஆட்டம் மாதிரிதானே? நீலா யோசிக்கவே இல்லை. 24-க்குப் பக்கத்தில் அழகாக ஒரு நட்சத்திரம் போட்டாள்.

பத்து நாளும் முடிந்தது. வியாழக்கிழமை நீலா கணக்கைக் கூட்டி, வகுத்து, கரும்பலகையில் எழுதினாள்.

நீலா 45. உமர் 48. கோமு 51. ஹெப்ரான் 58.

"அம்பத்தெட்டா!" உமர் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே ஹெப்ரான், பந்த அடிச்சியா, புல்ல வெட்டினியா? இனிமே ஒன் பேரு அம்பத்தெட்டு!"

கோமுவும் சிரித்தாள். நீலாவுக்கும் சிரிப்பு வந்தது. ஹெப்ரான் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. ஏதோ கேட்க வந்தவன் மாதிரி நின்று, கேட்காமலேயே விட்டுவிட்டான்.

"நீலா நோட்டுல இருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று இரவு சாப்பிடும்போது நீலா விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா திருஞானசம்பந்தம் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எதற்கும் லீவு போடாதவர். "சனிக்கிழமை சாயங்காலம் நானும் வாரேன். மலேசியாவோட நீ ஆடுதத நான் பாக்காண்டாமா?" என்றார். கணேஷ்ராம்கூட அவளை மரியாதையாகப் பார்த்தான். வாழ்க்கையில் இதைவிட வேறு என்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை ஹெப்ரான் வகுப்புக்கு வரவில்லை.

"அம்பத்தெட்டு லீவு போலிருக்கு" என்றான் உமர். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நீலா, மலேசியாக்காரங்க நம்ம மொத்த ஆவரேஜக் கேக்காங்க. போட்டுச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

நீலா நான்கு பேருடைய அடிகளையும் கூட்டினாள். 1788. முடிந்த ஆட்டங்கள் 36. வகுத்தால் ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. அதை எழுதும்போது தற்செயலாகத் திரையைப் பார்த்தாள். அவர்களுடைய பெயருக்குக் கீழே இரண்டு எண்கள் இருந்தன. ஆட்டங்கள் 36. சராசரி 47.

பத்து நாளும் அந்த எண்கள் அங்கேதான் மாறி மாறி வந்திருக்கின்றன. ஒருவரும் கவனிக்கவில்லை.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டரு தப்பாக் கணக்குப் போடுது" என்றாள் நீலா.

அண்ணாச்சி சிரித்தார். "இருக்கும் மக்கா. எதுக்கும் நீயும் ஒருதடவ பாத்துக்கோ."

நீலா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் தப்பைப் பிடித்தே தீருவது என்று கணக்குப் போட்டாள். 36 ஆட்டம், ஆட்டத்துக்கு 47. பெருக்கினால் 1692 அடி. அவள் நோட்டில் 1788. தொண்ணூற்றாறு அடி அதிகம்.

இந்தத் தொண்ணூற்றாறு எங்கிருந்து வந்தது?

அவள் பக்கத்தில் தப்பு இல்லை. உமர் பக்கம், கோமு பக்கம் சரி. ஹெப்ரான் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே நான்கு நட்சத்திரங்கள் இருந்தன. 20, 24, 28, 24.

கூட்டினாள். தொண்ணூற்றாறு.

கிரிக்கெட்டில் ரன் கூடினால் நல்லது. அதனால் அவுட் ஆகாதவன் எடுத்த ரன்னைச் சேர்த்துக்கொண்டால் அவனுக்கு லாபம். இங்கே அடி கூடினால் கெடுதல். முடியாத நான்கு ஆட்டத்தின் அடிகளை எல்லாம் ஹெப்ரான் தலையில் ஏற்றிவிட்டு, வகுக்கும்போது மட்டும் அந்த ஆட்டங்களை அவள் விட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் அப்படிச் செய்யவில்லை. முடியாத ஆட்டத்தை அது முழுவதுமாகத் தள்ளிவிட்டது. அடியும் இல்லை, ஆட்டமும் இல்லை.

ஹெப்ரான் முடித்தவை ஆறு ஆட்டம். அவற்றின் அடிகள் 252. வகுத்தாள்.

நாற்பத்திரண்டு.

கடைசி இல்லை. ஹெப்ரான்தான் முதல்.

நீலா நோட்டை மூடினாள். சுற்றிலும் பார்த்தாள். உமர் எதையோ தின்றுகொண்டிருந்தான். அண்ணாச்சி ஒரு வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் எதுவும் தெரியாது. பேசாமல் 47 என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அவள்தான் ஆடுவாள். அப்பா வருவார். அவள் நோட்டில் தப்பே வராது என்ற பெயரும் அப்படியே இருக்கும்.

ஹெப்ரான் பலகையைப் பார்த்து நின்றது நினைவுக்கு வந்தது. 'நீலா நோட்டுல இருந்தா சரியாத்தான் இருக்கும்' என்று சொன்னானே. அவள் சிரித்தாளே. அதை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் எழுந்துபோய்ப் பலகையில் இருந்த 58-ஐ அழித்தாள். 42 என்று எழுதினாள்.

"என்னட்டி பண்ணுத?" என்றான் உமர்.

"தப்புப் பண்ணிட்டேன். நான்தான்" என்று தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

உமர் புருவத்தைச் சுருக்கினான். "இரு, இரு. முடியாத ஆட்டத்தச் சேக்கக் கூடாதுன்னா, மோசமா ஆடுத அன்னைக்கி வயரப் புடுங்கிட்டாப் போதுமே! அவன் அப்படிச் செஞ்சிருந்தா?"

நல்ல கேள்விதான். நீலா ஆணியில் இருந்த தேதித்தாள்களை உருவி மேசையில் பரப்பினாள். ஐந்து குழிக்கு 20. ஆறு குழிக்கு 24. ஏழு குழிக்கு 28. இன்னொரு நாளும் ஆறு குழிக்கு 24.

"குழிக்கு நாலு அடி. நம்மள்ல யாராவது ஒரு நாளாவது இப்படி ஆடியிருக்கோமா?" என்று கேட்டாள். "அவன் ரொம்ப நல்லா ஆடின அன்னைக்கித்தான் கட் ஆயிருக்கு. நல்லா ஆடுதவன் எதுக்கு வயரப் புடுங்கணும்?"

உமர் தின்பதை நிறுத்திவிட்டான்.

அண்ணாச்சி வயரைக் கீழே வைத்தார். "அவன் ஒண்ணும் புடுங்கல. மாடியிலயும் இதே லைன்ல ஒரு போன் இருக்கு. அங்கன ரிசீவரை எடுத்தா இங்கன கட் ஆயிரும். எங்க மாமனாரு சாத்தான்குளத்துல படுத்த படுக்கையாக் கெடக்காரு. எம் பொண்டாட்டி சாலோமி தினம் அஞ்சே காலுக்கு மேல போன் போட்டுப் பேசுவா. மக குரலக் கேட்டாத்தான் மனுசன் மாத்திரைய முழுங்குவாரு."

"அக்காட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் நீலா.

"சொல்லுதேன்னுதான் சொன்னேன். ஹெப்ரான் விடல. 'வேண்டாம் அண்ணாச்சி, தாத்தா மாத்திர சாப்பிடணும்லா'ன்னுட்டான்." அண்ணாச்சி குரல் இறங்கிவிட்டது. "நானாவது ஒன் நோட்ட ஒருதடவ பாத்திருக்கணும்."

நீலா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹெப்ரான் வீட்டுக்குப் போனாள். அவன் மொட்டைமாடியில் காயவைத்த கூழ்வத்தலுக்குக் காக்கா விரட்டிக்கொண்டிருந்தான். விரித்திருந்த பழைய வேட்டி முழுவதும் வத்தல். அவள் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு வரல?" என்று கேட்டாள்.

"வத்தல் அள்ளணும்."

நீலாவும் உட்கார்ந்து வத்தலைப் பிய்த்துப் பிய்த்துக் கூடையில் போட்டாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஹெப்ரான், ஒன் ஆவரேஜ் அம்பத்தெட்டு இல்ல. நாப்பத்திரெண்டு. நான் தப்பாப் போட்டுட்டேன். கட் ஆனதுக்கெல்லாம் நட்சத்திரம் போட்டு ஒன் தலையில கட்டிட்டேன். நீதான் முதல்ல."

ஹெப்ரான் கையில் இருந்த வத்தல் நொறுங்கியது.

"நானும் வீட்டுல வந்து போட்டுப் பாத்தேன்" என்றான் மெல்ல. "எனக்கும் நாப்பத்திரெண்டுதான் வந்துச்சு. ஆனா ஒன் நோட்டுல வேற மாதிரி இருந்துச்சே. நான்தான் கடைசி ரேங்குல்லா? எனக்குத்தான் கணக்கு வரலன்னு நெனச்சேன்."

நீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் சரியாகப் போட்ட கணக்கை, அவள் போட்ட தப்பைப் பார்த்து அவனே அடித்துவிட்டிருக்கிறான்.

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாத!" நீலா கத்தியதில் ஒரு காக்கா பறந்துபோனது. "எனக்குப் பரவாயிருக்கு. நாளைக்கி நீதான் ஆடணும்."

ஹெப்ரான் முதல் முறையாகச் சிரித்தான். பிறகு முகம் மாறியது. "மணியப் பாத்துட்டே ஆடினா அவசரமாயிருது. மணிய மறந்தா நல்லா வருது. ஆனா அஞ்சே கால் தாண்டிக் கட் ஆயிரும். நாளைக்கும் அஞ்சு மணிக்குத்தானே?"

"நீ மணியப் பாக்காண்டாம். அத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் நீலா.

அங்கிருந்து நேராகச் சாலோமி அக்காவிடம் போனாள். மாடிப்படி ஏறும்போதே யோசித்துக்கொண்டு போனாள். படுத்திருக்கும் அப்பாவோடு பேசாதீர்கள் என்று எந்த மகளிடமாவது சொல்ல முடியுமா? அதனால் அவள் வேறு மாதிரி கேட்டாள்.

"அக்கா, முக்குல இருக்க எஸ்டிடி பூத்துல நாளைக்கி ஒருநாள் பேசுவீங்களா? சனிக்கிழம கூட்டமா இருக்கும். நான் முன்னாலயே போய் வரிசையில இடம் போட்டு வைக்கேன். அஞ்சே காலுக்கு நீங்க வந்தாப் போதும். தாத்தாவுக்கு நேரம் தப்பாது."

காரணத்தைக் கேட்டதும் சாலோமி அக்கா வாயில் கைவைத்துக்கொண்டாள். "நாலு நாளா அந்தப் புள்ள ஆட்டத்த நான் அறுத்திருக்கேன்? ஒருத்தராவது எங்கிட்ட சொன்னீங்களா?"

"அவன் சொல்லக் கூடாதுன்னுட்டான் அக்கா."

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கி வாரேன்" என்றாள்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு நீலா பூத் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஏழு பேர். உள்ளே ஒருவர், காது கேட்காத யாரிடமோ, கன்றுக்குட்டி பிறந்த கதையை ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

வகுப்புக்குப் போய் அவளைத் தேடிவிட்டு அப்பா அங்கே வந்து சேர்ந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். முந்தின நாள் இரவே அவரிடம் சொல்ல நீலாவுக்குத் தைரியம் வந்திருக்கவில்லை.

"நீ ஆடலயா?"

"இல்லப்பா. நான் கணக்கத் தப்பாப் போட்டுட்டேன். ஹெப்ரான்தான் ஆடணும்." முழுக் கதையையும் சொன்னாள்.

அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "முன்னால எத்தன பேரு நிக்காங்க?" என்றார்.

"ஏழு பேரு."

"சரி, நானும் நிக்கேன்." அவர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நீலா அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தே கால் மணிக்குச் சாலோமி அக்கா வேகவேகமாக வந்தாள். அப்போதுதான் அவர்கள் முறை வந்திருந்தது. அக்கா கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பா, நான்தான்" என்று தொடங்கினாள். நீலா வெளியே நின்றாள். ஐந்தரைக்கு அக்கா வெளியே வந்து, "முழுங்கிட்டாரு" என்றாள். மூவரும் கிட்டத்தட்ட ஓடினார்கள்.

வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். உமர் பாரூக்கே வாயைப் பொத்திக்கொண்டு நின்றான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெப்ரான் கடைசிக் குழியில் இருந்தான். அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மலேசியாப் பிள்ளை ஏற்கெனவே ஆடி முடித்துவிட்டது. 33 அடி.

ஹெப்ரான் மெல்லத் தட்டினான். பந்து உருண்டது. குழி ஓரத்தில் ஒரு கணம் யோசித்து உள்ளே விழுந்தது.

"முப்பத்தஞ்சு" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு அடியில போச்சு மக்கா."

யாரும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அந்த வகுப்பில் முப்பத்தைந்து அடியில் எவரும் ஆட்டத்தை முடித்ததே இல்லை. உமர் முன்னால் வந்தான். "லே ஹெப்ரான், அம்பத்தெட்டுன்னு சொன்னதுக்கு..." அதற்குமேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. அவனுக்கு அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை.

"பரவா..." என்று தொடங்கிய ஹெப்ரான், நீலாவைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "இனிமே சொல்லாத" என்றான்.

நீலா நோட்டைப் பிரித்தாள். ஹெப்ரான் பக்கத்தில் இருந்த நான்கு நட்சத்திர ஆட்டங்களையும் நேர்கோடு போட்டு அடித்தாள். பிறகு நோட்டை அவனிடம் நீட்டினாள்.

"நீ போடு."

அவன் பேனாவை வாங்கி மெதுவாகப் போட்டான். 252-உம் 35-உம் 287. ஏழு ஆட்டம். வகுத்தால் 41. மீதி இல்லை. நீலா தன் விரலால் எண்ணிப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

35-க்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. ஹெப்ரான் அந்த இடத்தில் விரலை வைத்து, "நட்சத்திரம் கிடையாதுல்லா?" என்று கேட்டான்.

"கிடையாது" என்றாள் நீலா. "முழு ஆட்டம்."